படங்கு இறக்கிய லொறி

வலது காலுக்குக் காலுறை ஏற மறுத்தது. அருட்பிரகாசம் அண்ணனின் குதிகாலை இடது கையில் ஏந்தி, வெள்ளைக் காலுறையின் வாயை விரல்களால் அகட்டி, மூன்றாவது தடவையாக இழுத்தான். வாழ்நாளெல்லாம் கடல் தண்ணீரில் ஊறி வெடித்த கால். வெடிப்பில் நூல் கொழுவிக்கொண்டது. உயிரோடு இருந்தபோது செருப்புக்கே இடங்கொடுக்காத காலுக்கு இப்போது காலுறை, சப்பாத்து எல்லாம். கலியாணத்தன்றுகூட கிறகரி இவ்வளவு உடுத்தவில்லை.

"விடடா தம்பி, நான் போட்டுவிடுறன்" என்றார் பக்கத்து வீட்டுச் சிங்கராசா.

"வேண்டாம். நானே போடுறன்."

காலையில் மன்னார் ஆசுபத்திரியிலிருந்து பெட்டி தாழ்வுபாட்டு வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் ஒரு வேலையையும் யாருக்கும் விடவில்லை. பந்தலுக்குக் கயிறு கட்டினான், கதிரை அடுக்கினான், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தான். தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று இரண்டு கிழவிகள் அவன் காதுபடவே சொன்னார்கள். கேட்டதும் அவன் அடுக்கிய கதிரைகளை மறுபடி அடுக்கப் போனான்.

பெட்டியின் தலைமாட்டில் அண்ணனின் மனைவி பெற்றிசியா இருந்தாள். அழுது முடித்த முகம். புதிதாக ஒரு பெண் வந்து கட்டிப்பிடிக்கும்போதெல்லாம் அதே கதையைச் சொன்னாள்.

"நான்தான் அக்கா. நான்தான் சொன்னனான். குளிக்கப் போகேக்க, மழை கிழை வந்தா ஜெனரேற்றர் மெசினை நனையவிடாதேங்கோ, வாடகைச் சாமான் எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். அந்த மனுசன் காய்ச்சலோட எழும்பித் தூக்கி உள்ளுக்கு வைச்சிருக்கு. நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம்."

அருள் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து இதை ஒன்பது தடவை கேட்டுவிட்டான்.

முந்தின நாள் மரண விசாரணை அதிகாரி அவனிடம் கேட்டார்: "மெசினை ஆர் லொறிக்குள்ள வைச்சது?" அவன் சொன்னான்: "நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிட்டன் ஐயா. திரும்பி வரேக்க அது உள்ள இருந்தது." இரண்டு வசனத்திலும் பொய் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார், அவன் கையெழுத்து வைத்தான்.

மடு மாதா திருவிழாவுக்கு அருளின் லொறியில் போவது இந்தக் குடும்பத்தின் வழக்கம். மற்ற நாட்களில் மீன் ஏற்றுகிற லொறி அது. திருவிழாவுக்கு முன்பு தேய்த்துக் கழுவி, பின்தட்டில் பாய் விரித்து, மேலே தார்ப்பாய்ப் படங்கு கட்டிவிட்டால் பத்து நாளைக்கு அதுதான் வீடு. இந்த வருடம் கிறகரிக்குக் காய்ச்சல். புழுக்கம் தாங்கமாட்டார், ஃபான் வேண்டும் என்று பெற்றிசியா சொன்னதால், அருள் சிலாவத்துறைக்குப் போய் ஜுனைதீனிடம் ஒரு சின்ன ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்தான்.

ஜுனைதீன் சாமானைக் கொடுத்ததும் ஆளை விடுகிற மனிதர் இல்லை. மெசினைத் தானே லொறியில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார். பெற்றோல் கானைத் தனியாக, வெளிப்பக்கம் கட்டவைத்தார்.

"சரிக்க வேணாம் தம்பி. பெற்றோல் குழாயைப் பூட்டிப்போட்டு ஏத்துங்க. நிப்பாட்டி, சூடு ஆறினப்பிறகுதான் லொறில ஏத்தணும். ஓடுற மெசினை மறந்தும் படங்குக்குள்ள வைச்சிராதீங்க. அந்தப் புகையில ஒரு காத்து இருக்கு, மணமும் இல்ல, நிறமும் இல்ல. படுத்த ஆள் படுத்தபடிதான்."

அருள் சிரித்தான். "ஜுனைதீன் நானா, நாங்கள் எஞ்சினோட படுத்தெழும்புற ஆக்கள். எங்களுக்கே பாடம் எடுக்கிறீங்களோ?"

அது வெறும் வாய்ச்சவடாலும் இல்லை. தாழ்வுபாட்டில் கடலுக்குப் போய் வந்தவன் படகைக் கரையில் விடுவான், எஞ்சினை விடமாட்டான். தோளில் தூக்கி வந்து, துடைத்து, சாக்குப் போட்டு, பிள்ளைகள் படுக்கிற அறை மூலையில்தான் வைப்பான். மழை இருட்டினால் முதலில் எஞ்சின், பிறகுதான் உடுப்பு. அருளும் கிறகரியும் அப்படி ஒரு எஞ்சினுக்குப் பக்கத்தில் படுத்து வளர்ந்தவர்கள்.

ஆவணிப் பதினான்கு, பின்னேரம் மூன்று மணி. ஒருவரும் எதிர்பாராத மழை. பெற்றிசியாவும் மகள் கிறேஸும் குளிக்கப் போயிருந்தார்கள். கிறகரி லொறிக்குள் நித்திரை. ஜெனரேற்றர் இருபது அடி தள்ளிப் பாலைமரத்தடியில் ஓடிக்கொண்டிருந்தது. அருள் ஓடினான். ஓடிக்கொண்டிருந்த மெசினை அப்படியே தூக்கிப் பின்தட்டில் வைத்தான். தூவானம் அடிக்காமல் படங்கை நன்றாக இறக்கி, கயிற்றையும் இழுத்துக் கட்டினான். ஃபான் ஒரு கணமும் நிற்கவில்லை. அது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஜுனைதீன் சொன்னது அப்போது நினைவுக்கு வரவில்லை என்றால் அவன் இப்போது கொஞ்சமாவது மூச்சு விட்டிருப்பான். நினைவுக்கு வந்தது. மழை விடட்டும், பத்து நிமிசம்தானே என்று நினைத்தான். மழைக்குச் சனம் கலைந்ததால் பாவசங்கீர்த்தன வரிசை குறைந்திருந்தது. இதுதான் சமயமென்று போய் நின்றான். மழை விட்டது. வரிசை நகரவில்லை. விட்டுவிட்டு வர மனமில்லாமல் ஒன்றேகால் மணித்தியாலம் நின்று, குடித்ததையும் தூஷணம் பேசியதையும் சாமியாரிடம் சொல்லி, மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லி முடித்து, மனம் லேசாகித் திரும்பி வந்தான். படங்கை விலக்கினான். ஃபான் ஓடிக்கொண்டிருந்தது.

காலுறை ஒருவழியாக ஏறியது. சப்பாத்தின் நாடாவை அவன் முடிந்துகொண்டிருக்கும்போது வாசலில் ஜுனைதீன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். சிலாவத்துறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். பெற்றிசியாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, என்ட சாமானாலதான் இப்படி ஆயிட்டு. ராத்திரி முழுக்க நித்திரை இல்ல. ஆனா நான் சொல்லாம விடல்ல. ஓடேக்க உள்ளுக்கு வைக்க வேணாம் எண்டு நாலு தரம் சொன்னேன்."

"ஆருக்குச் சொன்னனீங்கள்?" என்றாள் பெற்றிசியா. "எங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லையே."

ஜுனைதீன் அருளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்த்திருக்கக்கூடாது என்பதுபோல் நிலத்தைப் பார்த்தார். "மறந்திருப்பாங்க, தங்கச்சி. அல்லாஹ்வுடைய நாட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போய்விட்டார்.

பெற்றிசியா எழுந்தாள். கால் விறைத்துத் தள்ளாடினாள். அருள் பிடிக்கப் போனான். அவள் அவன் கையைத் தொடாமல் குசினிக்குள் போனாள். அவனும் பின்னால் போனான். அடுப்படியில் யாரும் இல்லை.

"மச்சாள், அண்ணன் எழும்பேல்ல. நீங்கள் சொன்னதால அவர் தூக்கேல்ல. நான்தான் தூக்கி வைச்சனான். படங்கை இறக்கினதும் நான்தான்."

அவள் குடத்துப் பக்கம் திரும்பினாள். செம்பில் தண்ணீர் எடுத்தாள், குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

"அப்ப அவர் நித்திரையோ?"

"நல்ல நித்திரை. குறட்டை கேட்டது."

"காலமையிலயிருந்து நான் வாறவை எல்லாருக்கும் நான்தான், நான்தான் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். நீ தேத்தண்ணி குடுத்துக்கொண்டு நிக்கிறாய்."

அருள் சுவரில் சாய்ந்து அழுதான். அடித்தால் நல்லது என்று நினைத்தான். "இப்பவே எல்லாருக்கும் சொல்லுறன் மச்சாள். பொலிசுக்கும் போய்ச் சொல்லுறன்."

"சொல்லி?"

வெளியே பங்குச் சாமியார் வந்துவிட்டார் என்று யாரோ கூப்பிட்டார்கள். பெற்றிசியா கையிலிருந்த தண்ணீரால் முகத்தைக் கழுவினாள்.

"கிறேஸுக்குப் பத்தொன்பது வயசு. இனி அவளைக் கரைசேர்க்க உன்னைத் தவிர ஆர் இருக்கினம்? உன்னை அவள் வெறுத்தா நான் அவளை எங்க கொண்டுபோறது?" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "பழி அவர்மேலயே கிடக்கட்டும். அவருக்கு இனி என்ன. நீ வாயைத் திறக்காத. எனக்கு முன்னால வந்தும் இனி அழாத."

அவன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். அவள் அதற்குள் முன் அறைக்குப் போய்விட்டாள். அதன்பிறகு வந்தவர்களிடம் அவள் எதையும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கு, "அவற்ற தலைவிதி" என்றாள்.

நாலு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். தலைமாட்டுப் பக்கம் தம்பிதான் பிடிக்க வேண்டும் என்று சிங்கராசா சொன்னார். பெற்றிசியா மறுப்பாள் என்று அருள் காத்திருந்தான். அவள் மறுக்கவில்லை. அவன் குனிந்து பிடித்துத் தோளில் ஏற்றினான்.

சேமக்காலைக்குப் போகிற மணல் பாதையில் கால் புதைந்தது. பெண்கள் பின்னால் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்கள். பாதி வழியில் கிறேஸ் அவர்களை விட்டு முன்னால் வந்து, அவனுக்குப் பக்கத்தில், பெட்டியில் ஒரு கையை வைத்தபடி நடந்தாள்.

"சித்தப்பா."

"ம்."

"அப்பாக்கு எஞ்சின் புகை எல்லாம் தெரியும்தானே. ஏன், சித்தப்பா, அவர் மெசினைத் தூக்கி உள்ளுக்கு வைச்சவர்?"

அருள் நின்றான். பின்னால் வந்தவர்களும் நிற்க வேண்டியதாயிற்று. பாரம் தாங்கவில்லைப்போலும் என்று நினைத்துச் சிங்கராசா கையை நீட்டினார். அவன் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, பெட்டியை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தான்.