பத்து நிமிடத்துக்கு ஒரு பெயர்

மாமியார் நாலாவது முறையாகச் சிவப்பு காட்டியபோது மணி மூன்று பத்து. மாமியார் என்பது ஆள் இல்லை. ஒருவர் எழுதிய கணினி நிரலை எல்லோருடைய நிரலோடும் சேர்ப்பதற்கு முன்னால் வாசலில் நின்று சோதிக்கிற இன்னொரு நிரல். வேலை நடக்கிறதா என்று அவள் பார்ப்பதில்லை, அதற்கு வேறு சோதனை உண்டு. இடைவெளி சரியா, வைத்த பெயர் சரியா, அவ்வளவுதான். நின்றால் குற்றம், உட்கார்ந்தால் குற்றம் என்பதால் அலுவலகத்தில் யாரோ அவளுக்கு அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்னண்ணே, இப்ப என்ன குத்தமாம்?" பக்கத்து மேசைக் கண்ணாடிக்காரன் திரும்பாமலே கேட்டான்.

"பேரு புடிக்கலையாம்."

"புள்ளைக்கா பேர் வைக்கிறோம்? மாத்தி விடுங்க."

அவர் மாற்றிக்கொண்டுதான் இருந்தார். பதினெட்டு வருடம் இதே கம்பெனியின் கிடங்கில் பெட்டி தூக்கியவர். முப்பதைத் தாண்டித்தான் எழுத்துக் கூட்டக் கற்றார். இடுப்பு போன பிறகு ஒரு வருடம் நிரல் எழுதப் பயிற்சி கொடுத்து மாடி அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு எண்ணையும் ஒரு பெட்டியில் போட்டு மேலே பெயர் ஒட்ட வேண்டும் என்று பயிற்சியில் சொன்னபோது, அட, இது நமக்குத் தெரிந்த வேலைதானே என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மனைவி இன்னும் கீழே கிடங்கில்தான். அடுத்து எந்தப் பெட்டி, எப்போது ஓய்வு என்பதை மணிக்கட்டில் கட்டிய கருவி சொல்லும். இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் ஓய்வு. ஆனால் ஓய்வறை மறுகோடியில் இருந்தது. போக மூன்று நிமிடம், வர மூன்று நிமிடம். "உக்காந்து முட்டியை நீவுறதுக்குள்ள கை அதிருதுங்க," என்பாள். மேற்பார்வையாளர்களைக் கேட்டால் மிஷின் கணக்கு என்று கையை விரித்தார்கள்.

அந்த மிஷின் கணக்கைத்தான் மூன்று வாரம் தேடி அவர் கண்டுபிடித்திருந்தார். கடைசிப் பெட்டியைக் கீழே வைத்த நொடியிலிருந்தே ஓய்வுக் கணக்கு ஓட ஆரம்பித்தது. ஓய்வறைக் கதவில் அட்டை காட்டி நுழைந்த பிறகு ஓட ஆரம்பித்து, வெளியே வரும்போது நிற்க வேண்டும். அதற்கு அவர் எழுதியது ஐந்தே வரி. குழுத் தலைவி ஓட்டிப் பார்த்து, "நல்லா புடிச்சீங்கண்ணே," என்று ஒப்புதலும் கொடுத்துவிட்டாள். மாமியார் மட்டும் பாக்கி. இன்று நாலு மணிக்கு வாசல் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஆர்டர்கள் குவியும் நெரிசல் காலம். நாலு மாதத்துக்கு ஒரு எழுத்துகூட உள்ளே போகாது.

நடக்கும் நேரத்துக்கு அவர் 'நடை' என்று பெயர் வைத்திருந்தார். கிடங்கில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நொடியா நிமிடமா என்று பெயரில் இல்லை என்றாள் மாமியார். நியாயம்தான், சேர்த்தார். அனுமதித்த சொற்பட்டியலில் நடை இல்லை என்றாள். மாற்றினார். பெயர் நீளம் என்றாள். குறைத்தார். இந்தக் கோப்பில் மற்ற பெயர்கள் வேறு வரிசையில் இருக்கின்றன என்றாள்.

அவருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. சிவப்புக்குக் கீழே ஒரு பொத்தான் இருந்தது: எல்லாவற்றையும் திருத்து. அழுத்தினார். பச்சை வந்தது. நாற்காலியில் சாய்ந்து மூச்சுவிட்டார்.

தலைவி வேகமாக எழுந்து வந்தாள். "அண்ணே, என்ன பண்ணீங்க? ரெண்டாயிரம் வரி மாறியிருக்கு!"

அவருடைய ஐந்து வரியோடு, பத்து வருடமாக யார் யாரோ வைத்த பழைய பெயர்களையெல்லாம் பொத்தான் நேராக்கிவிட்டிருந்தது. ஐந்நூறு வரிக்கு மேல் மாறினால் பழைய ஒப்புதல் செல்லாது, இன்னும் இரண்டு பேர் முழுக்கப் படிக்க வேண்டும். "எல்லாத்தையும் பழையபடி ஆக்கிட்டு, உங்க அஞ்சு வரியை மட்டும் திரும்பப் போடுங்க. சீக்கிரம்."

போட்டார். ஆனால் கடைசி நேரம் என்று மாடி முழுக்க வரிசையில் நின்றது. மாமியார் ஒவ்வொருவரையும் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று ஐம்பத்தேழுக்கு அவர் முறை வந்தது. ஒரு பெயரில் சிவப்பு. திருத்தினார். நாலு ஒன்பதுக்கு வரிசையாக எல்லாம் பச்சை. கீழே ஒரு வரி: வாசல் மூடப்பட்டது.

"மேடம், ஒம்போது நிமிஷம்தான். கொஞ்சம் தொறந்து விடுங்க."

"சாவி என் கையில இல்லண்ணே. அதையும் மிஷின்தான் பூட்டுது." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்குக் கிடங்கு வாசலில் போய் நின்றார். மனைவி தனியாக வரவில்லை, கூடவே நாலு பெண்கள். விஷயத்தை அவள் காலையிலேயே சொல்லியிருக்கிறாள் என்பது அவர்கள் சிரித்துக்கொண்டே வந்ததில் தெரிந்தது.

"அண்ணே, நாளையிலேருந்து பத்துன்னா பத்துதானே?" என்றாள் ஒருத்தி. "அக்கா சொன்னதுலேருந்து எனக்குக் காலே வலிக்கல, போங்க."

அவர் வாயைத் திறந்தார். பெயர், பொத்தான், வரிசை, ஒன்பது நிமிடம். எதை முதலில் சொல்வது? மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது போதும்.

"சரி, வாங்கடி. பஸ் போயிரும்," என்றாள்.

யாரும் நகரவில்லை. கேட்டவள் மெதுவாக நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு காலின் ஷூவைக் கழற்றப் பார்த்தாள். கால் வீங்கியிருந்தது, வரவில்லை. இன்னொருத்தி எதிரே குத்துக்காலிட்டு அமர்ந்து குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் இருந்தவள் உட்கார்ந்தவளுடைய தோளை அணைத்துப் பிடித்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.