சித்திரை முடியும்வரை

சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாதாம். என் மாமியார் சொல்லிவிட்டார். வைகாசி பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரை நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா வீட்டில் கிடக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. போனால் டாக்டர்கள் பிடித்து வைத்துச் சித்திரையிலேயே அறுத்து எடுத்துவிடுவார்களாம்.

தலைப்பிரசவம் என்பதால், வளைகாப்பு முடிந்த கையோடு நாவலூரிலிருந்து என்னை இங்கே, திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமத்துக்கு அனுப்பிவைத்தார்கள். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்கள். பிரசவம்வரை கழற்றக் கூடாது. அடுக்கியவர்கள் எல்லாம் மாமியார் வீட்டுச் சுமங்கலிகள். அப்பா இல்லாததால் என் அம்மா சரோஜா சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பெற்ற பெண்ணின் கையில் அவள் ஒரு வளையல் போடக் கூடாதாம். அன்றைக்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறைமலைநகரில் கார் பாகங்களுக்கு அளவு பார்க்கிற வேலை எனக்கு. எது இறுக்கம், எது தளர்வு என்று கைக்குத் தெரியும். வளைகாப்பன்று உருண்ட வளையல்கள் இப்போது திரும்பவே மறுத்தன. விரல்கள் உப்பிவிட்டன. முகம் யாருடையதோ போல் இருந்தது. மூன்று நாளாகத் தலைவலி மண்டையைப் பிளந்தது; கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. குழந்தைக்கு ஏதோ ஆகப்போகிறது என்று பயந்து செத்தேன்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா."

"இன்னாடி, சும்மா தலவலி தலவலின்னுகினு கீற? புள்ளத்தாச்சிக்குக் கை கால் வீங்கத்தான் செய்யும்," என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமலே. "சம்மந்தியம்மா பொறுக்கச் சொல்லிகீறாங்க. நான் மீறிக் கூட்டிகினு போயி எதுனா ஆச்சின்னா, புருசன முழுங்கினவ கை பட்டுதான் இப்டின்னுவாங்க."

கணவர் கார்த்திக்குப் போன் செய்தேன். "ஒரு வாரம்தான ரேணு? எங்கம்மா மனசு கஷ்டப்படும். ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்," என்றார். வந்து பார்த்து என்ன கிழிக்கப்போகிறார்?

ஆம்புலன்சைக் கூப்பிட்டிருக்கலாமே என்பீர்கள். அவர்கள் வந்து நிற்கும்போது, ஒன்றுமில்லை என்று அம்மா திருப்பி அனுப்பிவிட்டால்? அப்புறம் போன்கூட என் கையில் இருக்காது.

வெயில் வேறு கொளுத்தியது. கட்டிலில் கையூன்றி எழுந்தால் வளையல் சட்டத்தில் இடித்துச் சத்தம் போடும், உடனே சமையலறையிலிருந்து "எங்கடி போற?" என்று கேட்கும். மாட்டுக்கு மணி கட்டிய கதைதான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுத்தான் எனக்குத் தோன்றியது. இவர்களுக்குத் தலைவலி புரியாது, வீக்கம் புரியாது. சகுனம் புரியும்.

பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். வலது கையைக் கல் விளிம்பில் ஓங்கி அடித்தேன். பச்சையும் சிவப்புமாகச் சிதறின. மணிக்கட்டில் ரத்தம்.

"அம்மா! வழுக்கிட்டேம்மா! வளையல்லாம் ஒடஞ்சிபோச்சி!"

அம்மா வந்தாள். ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன், வைக்கவில்லை. முந்தானையால் என் கையைச் சுற்றினாள். சற்று நேரத்தில் தெருமுனைப் பன்னீர்செல்வத்தின் ஆட்டோ வாசலில் நின்றது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரும்வரை "வேகமா வுடுப்பா" என்று அவரை விரட்டிக்கொண்டே வந்தாள்.

ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், சந்தேகப்பட்டு மறுபடியும் பார்த்தார். டாக்டர் வந்தார். அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடக்கிறது, இனியும் விட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து, இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்றார்.

மாமியார் போனில் வந்தார். சித்திரை என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

"வளையல் ஒடஞ்சிபோச்சி சம்மந்தியம்மா. அதுக்கு மேல வூட்ல வெச்சிகினு இருக்க முடியுமா?" என்றாள் அம்மா. மாமியார் போனை வைத்துவிட்டார்.

எனக்குத் தாங்கவில்லை. "வழுக்கலம்மா. நான்தான் ஒடச்சேன்."

"தெரியும். சன்னல்லேர்ந்து பாத்துகினுதான் இருந்தேன்."

"பாத்துகினு சும்மாவா இருந்த?"

"எதுனா ஒடையாதான்னு ரெண்டு நாளா நானுந்தான் பாத்துகினு கீறேன்."

கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி! ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாக அடைபட்டுக் கிடந்திருக்கிறோம்.

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "தியேட்டருக்குப் போகணும். இன்னொரு கை வளையலயும் எடுத்துடுங்க."

சோப்புப் போட்டும் இடது கை வளையல்கள் அசையவில்லை. அம்மா துண்டின் நுனியை வளையலுக்கு அடியில் மெல்லச் செருகினாள். மிச்சத் துண்டை மேலே சுற்றினாள். என் கையைக் கட்டில் கம்பியில் வைத்தாள்.

"கண்ண மூடிக்கோடி," என்றாள்.

நான் மூடவில்லை. வளைகாப்பன்று அவளைத் தொடக்கூட விடாத வளையல்களை என் அம்மா ஒவ்வொன்றாக உடைத்தாள்.