இரவல் ரத்தம்

அந்தப் பேட்டரித் தொழிற்சாலையில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவோடு சரி. உட்கார் என்றால் உட்காரமாட்டாள். உட்கார்ந்தால் கால் ஆடும், கால் நின்றால் வாய் ஆடும். ஐந்து மாத வயிற்றோடும் அதே ஓட்டம்தான்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் பெண்களைச் சலவை அறைக்கு மாற்றிவிடுவது அங்கே வழக்கம். பெரிய மனசு பண்ணிச் செய்கிற காரியம் என்று மேலாளர் கூட்டத்துக்குக் கூட்டம் மார்தட்டிக்கொள்வார். உலைப் பக்கம் ஈயம் உருகும், பேட்டரித் தட்டு அடுக்கும் கூடத்தில் ஈயத் தூள் பறக்கும். பம்பரம் வேலை பார்த்த பெட்டி கட்டும் பிரிவில் தூள் இல்லை, ஆனால் கனம் தூக்க வேண்டும். சலவை அறையிலோ கனமும் கிடையாது, உலையும் கிடையாது, சோப்பு வாசனை வேறு. அங்கே போக அவள் தன் கணவனை நச்சரிக்க, உலையில் வேலை செய்யும் அவன் மேற்பார்வையாளரை நச்சரித்து, ஒருவழியாக அந்த இடத்தை வாங்கிக் கொடுத்திருந்தான்.

வேலை எளிது. ஆண்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற நீலக் கோட்டுகள் கூடை கூடையாக வரும். ஒருமுறை யாருடைய பையிலோ இருந்த திருகாணி இயந்திரத்துக்குள் போய் அடைத்துக்கொண்டு, மேற்பார்வையாளர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். அதிலிருந்து ஒவ்வொரு கோட்டையும் பையைப் புரட்டி, காலரைப் பிடித்து நன்றாக உதறிவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும் என்பது சட்டம். உதறினால் சாம்பல் நிறத்தில் புகை மாதிரி எழும்பும். பம்பரம் தும்முவாள், சிரிப்பாள், அடுத்த கோட்டை எடுப்பாள். முகமூடி உலைக்காரர்களுக்குத்தான். இது சுத்தமான பகுதி என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தது. மதியச் சாப்பாட்டை அந்தக் கோட்டுக் குவியலின் மேலேயே சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுவாள். தொழிற்சாலை முழுக்கத் தேடினாலும் அவ்வளவு மெத்தென்ற இடம் கிடையாது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கணவன் வந்து கதவோரம் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஒரு உதவி வேணுமே."

"முழியே சரியில்லையே. என்ன?"

"ரத்தம் எடுக்க வந்திருக்காங்க. நீ கைய நீட்டினா போதும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. உலைக்காரர்கள் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று அவ்வப்போது பார்ப்பார்கள். அளவு ஒருமுறை தாண்டினால் எச்சரிக்கை; அவனுக்குப் போன தடவையே அது வந்துவிட்டது. மறுமுறையும் தாண்டினால் உலையிலிருந்து எடுத்து வாசல் கூட்ட விட்டுவிடுவார்கள். அங்கே போனவர்கள் யாரும் உலைக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால் அளவு கூடினவர்கள் ரத்தத்தை இரவல் வாங்குவார்கள். கேன்டீன் சமையல்காரர் தாராள மனசுக்காரர். வாணலியைத் தவிர வேறெதையும் தொடாத சுத்தமான ரத்தம், கேட்டவர்களுக்கெல்லாம் கையை நீட்டிவிடுவார். இந்தமுறை பார்த்து மனிதர் விடுப்பில் போய்விட்டார்.

"நான் பொம்பளையாச்சே. அதுவும் புள்ளத்தாச்சி. தெரிஞ்சிடாதா?"

"ஈயத்த மட்டும்தான் பாப்பாங்க. இந்த இடத்துலயே உன்னைவிடச் சுத்தமான ஆள் யாரு, சொல்லு?"

ரத்தம் எடுக்கிற ஊசிக்காரர் அவள் வயிற்றைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு குழாயின் மேல் அவள் கணவன் பெயரை எழுதினார். பம்பரம் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நல்லா ராசியான ரத்தம் சார், பத்திரம்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வீட்டுக்காரனைக் காப்பாற்றிவிட்ட பெருமை அவளுக்கு அன்றைக்கெல்லாம் இருந்தது.

முடிவு வந்த அன்று கணவன் வீட்டுக்குள் செருப்போடு வந்து உட்கார்ந்தான். அவர்கள் மகள் மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஃபேக்டரி டாக்டரம்மா கூப்பிட்டாங்க. உலையிலேருந்து எடுத்துட்டாங்க."

"ஏன்? நான்தானே குடுத்தேன்!"

"போன தடவை எனக்கு வந்ததைவிட ரெண்டு மடங்கு வந்திருக்கு."

"ஊசிக்காரர் மாத்தி ஒட்டியிருப்பாரு."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போய்ச் சண்ட போட்டேன். மாறலயாம்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அது உன்னோடதுதான்."

முன்பு ஒருதரம் டாக்டரம்மா ஒலிபெருக்கி வைத்துப் பேசியபோது இவள் பின்வரிசையில் கதையடித்துக்கொண்டிருந்தாள். அப்போது காதில் விழுந்த வார்த்தைகள் எல்லாம் இப்போது வரிசை கட்டி வந்தன. ஈயம் ரத்தத்தோடு குழந்தைக்கும் போகும், எடை குறையும், குறைமாதத்தில் பிறக்கலாம், மூளை வளர்வதைக் கெடுக்கும், பிறந்து பல வருஷம் கழித்துப் படிப்பில் தெரியும்.

"நாளைக்கே போய்ச் சொல்லிடறேன்."

"அவசரப்படாத. ஏமாத்தினதுக்கு ரெண்டு பேரையும் அனுப்பிடுவாங்க. சமையல்காரரும் மாட்டுவாரு. வெளியில ஒரு டாக்டர்கிட்ட காட்டுவோம். உடம்பு சரியில்லன்னு லீவு போடு, அந்தப் பக்கமே போகாத. நான் யார் காலையாவது பிடிச்சு உலைக்குத் திரும்பிட்டா, அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் பார்த்த வெளி டாக்டர் மூடி மறைக்காமல் பேசினார். "குழந்தைக்கு என்ன ஆகும்னு இப்ப யாராலயும் உறுதியா சொல்ல முடியாதும்மா. அந்த வேலைய விட்டு விலகினீங்களே, அது நல்லது. எவ்வளவு சீக்கிரம் விலகறமோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு நாளும் கணக்குதான். சத்தா சாப்பிடுங்க, திரும்ப வந்து ரத்தம் குடுங்க." மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஈரத் துணியால் தரையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். கணவனின் பழைய செருப்பைத் தூக்கிக் குப்பையில் எறிந்தாள். மகளை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னாள். நேற்றுப் படித்த வரி இன்றைக்கு அந்தப் பெண்ணுக்குப் புதிதாக இருந்தது. இத்தனை நாளும் இதற்குத்தான், "மண்டையில என்ன களிமண்ணா?" என்று குட்டியிருக்கிறாள். தொழிற்சாலையில் சலவை அறை வருவதற்கு முன்னால் கணவனின் கோட்டை வாசலில் நின்று உதறியதும் இவள்தான். இடுப்பில் இந்தப் பெண் உட்கார்ந்திருப்பாள். அது நினைவு வந்ததும் குட்டிய கையைத் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள். மகள் பயந்துபோய், "நாளைக்கு ஒழுங்கா படிக்கறேம்மா" என்றாள்.

இவளுக்கு முன்னால் சலவை அறைக்குப் போனவர்களையும் நினைத்துப் பார்த்தாள். ஒருத்திக்கு ஏழாம் மாதத்தில் கலைந்தது. படியில் வழுக்கியதால் என்றார்கள். இன்னொருத்திக்குப் பிறந்தது ஒரு கைப்பிடிதான் இருந்தது. உடம்பு வாகு அப்படி என்றார்கள். இவளும் போய்ப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் கணவன் கிளம்பும்போது இவளும் கிளம்பி நின்றாள்.

"எங்க?"

"டாக்டரம்மாகிட்ட."

"இன்னும் ரெண்டு நாள் பொறுக்கக் கூடாதா? மேற்பார்வையாளர் பாதி இறங்கி வந்துட்டாரு."

"நீங்க அவரை முழுசா இறக்குங்க. எனக்கு உள்ள ஒரு உயிர் இருக்கு."

வழியெல்லாம் அவன் கெஞ்சினான், அவள் வாய் திறக்கவில்லை. பம்பரம் பேசாமல் நடந்து அவன் பார்த்ததில்லை. டாக்டரம்மாவின் அறைக்குப் போக சலவை அறையைத் தாண்ட வேண்டும். அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ கோட்டை உதறும் சத்தம் கேட்டது.

பெட்டி கட்டும் பிரிவிலிருந்த சின்னப்பெண். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெயிலில் சாம்பல் தூள் அவளைச் சுற்றி மின்னிக்கொண்டிருந்தது. இவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

"வாங்கக்கா! உடம்பு தேவலையா? நீங்க லீவுன்னதும் யார அனுப்பறதுன்னு தேடினாங்க. நான்தான் வாயத் திறந்து கேட்டுட்டேன்."

"உன்னை எதுக்கு..." பம்பரம் அவள் வயிற்றைப் பார்த்தாள். "உனக்கு இன்னும் வயிறே தெரியலையே."

"மூணு மாசம்க்கா. வீட்டுல கூட இன்னும் யாருக்கும் சொல்லல. இங்க வந்துட்டா புள்ளைக்கு நல்லதுன்னு மேற்பார்வையாளர்கிட்ட மட்டும் சொன்னேன்." சிரித்துக்கொண்டே அடுத்த கோட்டை எடுத்தாள். "நாலு நாளா நான்தான் உதறறேன். எல்லாம் உங்க புண்ணியம்."

பம்பரம் பாய்ந்து அந்தக் கோட்டைப் பிடுங்கினாள். பெண் திகைத்துப்போய்ச் சிரிப்பை நிறுத்தினாள். வாசலில் கணவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான்.

"இப்பவும் பொறுக்கணுமா?" என்று அவனைக் கேட்டாள்.

அவன் உள்ளே வந்து இயந்திரத்தை நிறுத்தினான். பம்பரம் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். பெண், "என்னாச்சுக்கா? நான் ஏதாச்சும் தப்பாப் பண்ணிட்டேனா?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

"நீ இல்லடி" என்று சொல்லிவிட்டு, பம்பரம் டாக்டரம்மாவின் கதவைத் தட்டாமலே தள்ளித் திறந்தாள்.