மாஸ்டர் சொன்ன அர்த்தம்

பொறாமைதான். மூடி மறைக்க என்ன இருக்கிறது? ஒரு மாதமாக எனக்கு வயிறு எரிந்துகொண்டிருக்கிறது.

என் மனைவி கமலாட்சி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறாள். வீடியோவில் புடவை காட்டி வெளிநாட்டுக்கு விற்கும் கடையில் வேலைக்குச் சேர வேண்டுமாம். சேர்ந்துவிட்டால் என் பக்கத்தில் யார்? கரையைத் தனியாக நெய்து உடலோடு கோக்கும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உடலை நான் நெய்தால், கரை நூல் ஓட்டும் நாடாவை அவள் பக்கத்தில் உட்கார்ந்து தள்ள வேண்டும். பதினாலு வருஷமாகத் தள்ளியவள், இப்போது சாயங்காலம் ஐந்தடித்தால் எழுந்துவிடுகிறாள். திரும்பி வந்தால் வாய் நிறைய தேவேந்திரன் மாஸ்டர்.

"ஹஸ்பெண்ட்னா இன்னா தெரியுமாங்க? ஊட்டுல குடியிருக்கறவனாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வடக்கேர்ந்து கப்பல்ல வந்தவங்க இங்கிலாந்துக்குக் கொண்டாந்த சொல்லாம். மாஸ்டர் சொன்னாரு."

எனக்குச் சுருக்கென்றது. நாள் முழுக்க வீட்டுக்குள் தறிக்குழியில் கிடக்கிற எனக்கு, இஸ்திரிச் சட்டை போட்ட ஒருத்தன் அர்த்தம் சொல்வதா?

மறுநாள் அவள் பின்னாலேயே போய்விட்டேன். ஜெராக்ஸ் கடை மாடியில் வகுப்பு. கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆளை மடக்கிவிட வேண்டும் என்ற வெறி.

"சார், அப்போ வைஃப்னா? அது எங்கேர்ந்து வந்திச்சி?"

பாவி மனுஷன் பதறவேயில்லை. "ரொம்பப் பழைய சொல்லுங்க. ஜெர்மன்காரங்ககிட்டயும் இருக்குது. ஆனா அதோட வேர் இன்னான்னு இன்னி வரைக்கும் யாருக்கும் உறுதியா தெரியாது," என்றார்.

ஒழிந்தான் என்று நான் மீசையைத் தடவும்போது, முன்வரிசையிலிருந்து கமலாட்சி திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"அந்தச் சொல்லு எங்கேர்ந்து வந்திச்சின்னு அவரைக் கேக்கத் தெரியுது. நான் எங்கேர்ந்து வந்தேன், இன்னா படிச்சேன்னு பதினாலு வருஷத்துல ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?"

தென்னேரியிலிருந்து வந்தாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

காலையில் தறியில் உட்கார்ந்ததும், அவள் நாடாவை எடுக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.

"தென்னேரி இஸ்கூல்ல எதுவரைக்கும் படிச்சே, கமலா? இன்னா ஆவணும்னு ஆசைப்பட்டே?"

அவள் என் முகத்தைப் பார்க்காமலே நாடாவைத் தள்ளினாள்.

"அதெல்லாம் மாஸ்டர் மொத நாளே கேட்டுட்டாருங்க."