கல் நத்தை

தர்மனின் சம்மட்டி இறங்கியதில் கல் நத்தை ஒன்று நாலாகத் தெறித்தது. ஒரு சில்லு கலையரசியின் நெற்றியைக் கிழித்துக்கொண்டு போனது. வாசலில் அவள் புருசன் மணிவண்ணன் பிணமாகக் கிடக்கிறான். கொல்லையில் அவனுடைய அண்ணன் வெறி பிடித்து உடைத்துக்கொண்டிருக்கிறான்.

"மாமா, வுடுங்க! வுடுங்கன்னு சொல்றேன்ல!"

"தள்ளிப் போயிடு கலை. இந்தச் சனியனுவதான் அவனைத் தின்னுச்சு. ஒண்ணு மிச்சம் வைக்க மாட்டேன்."

வாசலிலிருந்து மாமியார் காத்தாயி கத்தினாள். "ஒடைடா தர்மா! பூமி வயித்துல கெடந்ததை வூட்டுக்குக் கொண்டாராதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே! பொணம் எடுக்கறதுக்குள்ள எல்லாத்தையும் ஒடைச்சுப்புடு!"

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. தர்மன் வெடி வைக்கப் பாறையில் குழி போடுகிறவன். தம்பி லாரிகளுக்குக் கொடி காட்டுகிறவன். வெடிக்கு முன்னால் ஒரு சங்கு ஊதும், எல்லாம் வெடித்து அடங்கியபின் இன்னொன்று. அந்த இரண்டாம் சங்குக்கு முன் ஈ, காக்கை உள்ளே போகாது. நேற்று மதியம் மணிவண்ணன் நத்தை எடுக்கப் போனான். வெடிக்காமல் தங்கியிருந்த ஒரு குழி அப்போதுதான் வெடித்தது. அரியலூர் ஆஸ்பத்திரியில் உடம்பை முகத்தோடு சேர்த்துத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். வாய்க்கரிசி போட வந்த பெண்கள் வாய் எந்த இடம் என்று தெரியாமல் துணிமேல் போட்டுவிட்டு அழுதார்கள். பாவி, சங்கு ஊதும்வரை பொறுக்கக் கூடாதா? பொறுத்தால் பொக்லைன் இறங்கிவிடும். நத்தையும் பாறையும் ஒன்றாக அரைபட்டு சிமெண்ட் ஆகிவிடும்.

கலையரசியும் இந்தக் கற்களைக் கரித்துக் கொட்டியவள்தான். அரிசி மூட்டை வைக்க இடமில்லாத வீட்டில் எழுபது கல் எதற்கு? ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "நான் எதுக்கு, இந்தக் கல்லையே கட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்ல" என்பாள். சிரிப்பான். "பத்துக் கோடி வருசத்துக்கு முன்னால இங்க கடல் இருந்துச்சாம்டி. அதுல கெடந்த நத்தைதான் இப்புடிக் கல்லாயிருக்கு. எட்டு மணி நேரம் அவனுவளுக்குக் கல்லு. இது மட்டும் எனக்கு" என்பான். வேலைக்குப் போகும்போது செத்தவன் மாதிரி போவான். ஒரு நத்தை கிடைத்த நாளில் மட்டும் பாடிக்கொண்டு வருவான். முகமும் இல்லாமல் போனவனுக்கு இந்தக் கொல்லையில் கிடப்பதுதான் மிச்சம், அதையும் தூளாக்குகிறான் இந்தப் பாழாய்ப் போனவன் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

சம்மட்டி மறுபடி உயர்ந்தது. அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். தர்மன் மறு கையால் அறைந்தான். பல் உதட்டில் ஏறியும் அவள் விடவில்லை. கொண்டையைப் பிடித்து இழுத்தான். கையில் அகப்பட்ட உடைகல்லால் அவன் விரல்களில் ஓங்கி இடித்தாள். அலறிக்கொண்டு உட்கார்ந்தான். கீழே விழுந்த சம்மட்டியை எடுத்து அவன் தலைக்கு மேல் தூக்கினாள்.

"இன்னொரு கல்லு ஒடைஞ்சா ஒங்க மண்டை ஒடையும். சத்தியமா ஒடைப்பேன்."

"ஒடை" என்றான் தர்மன். "ஒடைச்சுடு கலை. நாந்தான் அவனுக்குச் சொன்னேன். குழி போடறப்பயே பார்த்தேன். மூணாவது அடுக்குல பெருசா ஒரு நத்தை இருக்குடா, வெடிச்சதும் வெளிய தெரியும், பொக்லைன் வரதுக்குள்ள எடுத்துக்கன்னு நாந்தான் போன் பண்ணுனேன்."

வாசலில் ஒப்பாரி நின்றுவிட்டது. கலையரசிக்குப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. போட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்றும் இருந்தது. நெற்றியிலிருந்து கண்ணில் இறங்கிய ரத்தத்தின் ஊடே அவன் தெரிந்தான். சம்மட்டியை மெல்லத் தரையில் வைத்தாள்.

"நெசமாவே பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"எம்மாம் பெருசு?"

தர்மன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். போதாதென்று இன்னும் கொஞ்சம் அகட்டினான். நசுங்கிய விரல்களிலிருந்து ரத்தம் சொட்டியது. கைகளை அவன் இறக்கவேயில்லை.