தோட்டத்து மண்

ஓடைக்கு வந்ததும் நேசபாய் முன்னால் ஓடிப்போய் பாதையை மறித்து நின்றாள். நான்கு பேர் தோளில் அவளுடைய அப்பா குமாரதாஸின் சவப்பெட்டி இருந்தது. பின்னால் வந்தவர்களின் பாட்டு பாதியில் நின்றது.

"பெட்டிய இறக்குங்கோ. காலு கழுவாம ஒருத்தரும் அக்கரைக்குப் போகாண்டாம்."

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை தூறலாக இறங்கிவிட்டிருந்தது. மூடுபனியில் மரங்களுக்கு இடுப்புக்கு மேல் எதுவும் இல்லை. மூன்று நாளாகத் தூங்காதவளுக்கு தன் குரலே ஓடையின் அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

"ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு?" அண்ணன் டைட்டஸ் பல்லைக் கடித்தான். "அப்பாவ வழியில இறக்கிப் போட்டுட்டு காலு கழுவச் சொல்லுகியா?"

"அப்பா சொன்னது ஒனக்கும் கேட்டுதுல்லா?"

கேட்டதுதான். காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்துக்கொள்வது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

மூன்று வருஷங்களுக்கு முன் இதே மழையில்தான் அவர்களுடைய மிளகுக் கொடிகளில் வாட்டம் விழுந்தது. இலைகள் வெந்நீர் பட்டதுபோல் கறுத்தன. பதினைந்து நாளில் கொடிகள் படர்ந்திருந்த முருக்கு மரங்கள் எல்லாம் வெறுமையாக நின்றன. நோய் தொடாத கொடி ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதையாவது காப்பாற்றலாம் என்று குமாரதாஸ் அதைத் தோண்டி எடுத்து, கிழக்குச் சரிவில் காட்டுமிளகுகளுக்கு நடுவே நட்டுவைத்தார். கொடி இடம் மாறினால் பிறந்த இடத்து மண் ஒரு பிடி கூடப் போகவேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஒரு பிடி போதாதென்று இரண்டு பிடி போட்டார்.

அடுத்த வருஷ இடவ மழையில் அந்தக் கொடி கறுத்தது. சுற்றியிருந்த காட்டுமிளகும் கறுத்தது. யாரும் நடாமல், யாரும் நீர் ஊற்றாமல் எத்தனை தலைமுறையாகவோ படர்ந்து கிடந்தது அது. சரிவு முழுக்க அழுகி விழுந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"நாந்தான் கொண்டு போனேன், மக்கா. நம்ம மண்ணுல இருந்திருக்கு."

நோய்க்கு என்ன, கால் முளைத்திருக்கிறதா என்று சந்தையில் சிரித்தார்கள். "முளைக்கண்டாம். நம்ம காலு போதும்" என்றார் அவர்.

மிச்சமிருந்த காட்டுமிளகு ஓடைக்கு அக்கரையில், கல்லறைத் தோட்டத்தைச் சுற்றித்தான். அதற்குப் பிறகு அவர் ஓடையைத் தாண்டவே இல்லை. அம்மாவின் கல்லறையும் அங்கேதான். இரண்டு வருஷமும் அம்மா இறந்த நாளில் இக்கரையிலேயே நின்று ஜெபம் பண்ணிவிட்டுத் திரும்பினார். நேற்று முன்தினம் நேசபாயின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய அங்க கொண்டு போறவங்களுக்கக் கால கழுவிட்டு விடு, மக்கா. மறந்திராத" என்றார். அதன்பிறகு பேசவில்லை.

அந்தப் பேச்சைக் காப்பாற்றாமல் அவரை மண்ணுக்குள் வைத்தால், தன்னால் இனி ஒருநாளும் தூங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

சபை உபதேசியார் செல்வதாஸ் குடையை மடக்கினார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

"ஆண்டவரு காலு கழுவ வந்தப்ப பேதுருவும் மொதல்ல மாட்டேன்னுதான் சொன்னாரு, டைட்டஸே. பெட்டிய எறக்கு."

பெட்டி பாறைமேல் இறங்கியது. நேசபாய் மடியில் கொண்டுவந்திருந்த தேங்காய்நாரை எடுத்து, முதலில் தன் காலைத் தேய்த்துக் கழுவினாள். ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். விரலிடுக்கு, நகக்கண், குதிகால். யாருடைய கால் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கால்கள் வந்தன, போயின. கடைசியில் வந்த காலின் கட்டைவிரலில் மண்வெட்டி வெட்டிய பழைய தழும்பு இருந்தது. அது டைட்டஸின் கால். அவன் தானே விரல்களை விரித்துக் காட்டினான்.

"செரி, தூக்குவோமா?" என்றார் உபதேசியார்.

"இன்னும் ஒருத்தர் உண்டு" என்றாள் நேசபாய்.

டைட்டஸ் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து, ஆணி அடிக்காத மூடியைக் கால்பக்கம் மட்டும் நகர்த்தினான்.

காலையில் ஆண்கள் குளிப்பாட்டித்தான் இருந்தார்கள். ஆனால் அப்பாவின் குதிகால் வெடிப்புகளுக்குள் மண் அப்படியே இருந்தது. காய்ச்சல் வந்து விழுந்ததும் தோட்டத்தில்தானே.

"வெள்ளம் ஊத்து, அண்ணே."

அவன் இரு கைகளாலும் அள்ளி ஊற்றினான். அவள் வலிக்குமோ என்று பயந்ததுபோல மெல்ல மெல்லத் தேய்த்தாள். மண் கரைந்து சிவப்பாக ஒழுகிய நீர் ஓடையில் கலந்து, அவர்களுடைய பட்டுப்போன தோட்டத்தைப் பார்த்துக் கீழே போனது. தெளிந்த நீர் வரும்வரை இருவரும் நிறுத்தவில்லை.

டைட்டஸ் தோளிலிருந்த துண்டை எடுத்து, ஈரம் போக ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.