அரங்கசாமியின் கையைப் பிடியுங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்தில், வாழ்த்துரை நடுவே மைக் செட் கொரகொரத்து அடங்கியது. எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள். எனக்கு மட்டும் கதை வந்தது.

முதல் வரி: 'மோகனப்பிரியா ஒலிகளின் காதலி. காற்று அவளுடைய'

(நிறுத்திவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

2

மறுபடி. 1994. ஆர்.எஸ்.புரத்து மோகனப்பிரியாவுக்கு ஒரு மேடை நாடகத்துக்கு ஒலி அமைக்கும் வேலை கிடைத்தது. அதுதான் முதல் வேலை. நாடகத்தில் கல்யாண வீட்டு மைக் செட் ஒன்று சாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிஜச் சத்தம் வராவிட்டால் தானே வாயால் கொரகொரத்துவிடுவதாக இயக்குநர் மிரட்டினார். செய்தும் காட்டினார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை.

முன்பு அந்தியூர்க் குதிரைச் சந்தையை வேடிக்கை பார்க்கப் போனபோது, அரங்கசாமி என்பவரின் மைக் செட் பாதி அறிவிப்பில் அழகாக உயிரை விட்டதைக் கேட்டிருந்தாள். செட்டில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். 'உங்கள் செட் ரிப்பேர், அந்தக் கொரகொரப்புதான் வேண்டும்' என்று முகம் தெரியாத பெரியவரிடம் எப்படிச் சொல்வது?

"உங்க பழைய செட்டோட சத்தத்த ரெக்கார்டு பண்ணோணுங்க" என்றாள்.

(வெளியூர் வாசகர்களுக்கு: எங்கள் பக்கத்துத் தொல்லைகளில் பாதி இந்த மரியாதையால் வருவது.)

3

சனிக்கிழமை காலை டேப் ரெக்கார்டரோடு அந்தியூரில் இறங்கினாள்.

"வாங்கம்மணி!" அரங்கசாமியின் கையில் திருப்புளி. "கோயமுத்தூர்ல இருந்து வாரீங்க, கொரகொரன்னா கேக்க உடுவோம்? அத்தனையும் சரி பண்ணிப்போட்டனுங்க!"

செட் கணீரென்று பாடியது. மோகனப்பிரியாவுக்கு அழுகை வந்தது.

"அருமையா இருக்குதுங்க" என்றாள்.

4

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள் (மாட்டாள், மேலே அடைப்புக்குறியைப் பாருங்கள்). மழையில் ஒயர் நனைகிறது (மழையைக் கூப்பிட எனக்கு வெட்கம்). அவர் அசந்த நேரம் பார்த்து அவள் ஒரு ஒயரைப் பிடுங்கி

அப்போது அரங்கசாமியின் மனைவி நாச்சியம்மாள் காப்பியோடு வந்தாள். சத்தியமாக நான் கூப்பிடவில்லை.

"ஏனுங்கம்மணி, மொகம் வாடிக் கெடக்குது?"

அவளிடம் மட்டும் மோகனப்பிரியா மெல்லச் சொன்னாள். நாச்சியம்மாள் சிரித்த சிரிப்பில் காப்பி தளும்பியது.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க கண்ணு? ஊரு செட்டெல்லாம் சரி பண்ணுவாரு. ஊட்டு ரேடியோவ மட்டும் தொடமாட்டாரு. வாங்க."

5

சமையலறை ரேடியோவைத் திருகியதும் ஒரு கொரகொரப்பு, ஒரு விக்கல், ஒரு விம்மல். கல்யாண வீட்டு மைக் செட் இதைவிட நன்றாகச் சாக முடியாது. மோகனப்பிரியா டேப் ரெக்கார்டரின் பட்டனை அழுத்தினாள். உயிர் போகும்போது வரும் கடைசி ஊளை மட்டும் இன்னும் வரவில்லை.

"அடக் கருமமே, விருந்தாளி முன்னாலயா!" அரங்கசாமி திருப்புளியோடு ஓடி வந்தார். "ஒரு நிமிசம் இருங்கம்மணி, சரி பண்ணிப்போடறேன்!"

"பத்து வருசமா வராத கை, இன்னைக்கு எதுக்குங்க வருது!" என்றாள் நாச்சியம்மாள்.

மோகனப்பிரியாவால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நானும் இந்த ஊர்க்காரன், பெரியவரைத் தடுத்துப் பழக்கமில்லை. நீங்கள் வெளியூராக இருந்தால் நல்லது. கொஞ்சம் அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் போடாமல். டேப் ஓடிக்கொண்டிருக்கிறது.